நான் வைக்கவிடாத இருபத்தெட்டாவது நகர்வு

அன்புள்ள மகள் ஸ்டெல்லாவுக்கு,

இந்த எழுத்துகளைப் பார்த்து நீ பயந்துவிடாதே. கோட்டின் மேல் நிற்க வேண்டியவை சில கீழே இறங்கியிருக்கும், சில மேலே ஏறியிருக்கும், சில பக்கத்து எழுத்தின் மேல் சாய்ந்திருக்கும். அறுபத்தாறு வயது வரை தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துச் சாக்கும் பிடித்த விரல்கள் இவை. பேனையையும் அதே பிடியாகப் பிடிப்பதால்தான் தாள் கிழிகிறது என்று, எங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தரும் சிஸ்டர் சொல்கிறார். பொறுத்துக்கொண்டு வாசி. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் போகிறது. ஆனால் அந்தப் பகல் போவது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஒரு சொல்லை எழுதிவிட்டு அதைத் திரும்ப வாசித்தால், நான் நினைத்த அதே சொல் அங்கே இருக்கிறது. இது உங்களுக்கெல்லாம் பெரிய விஷயமில்லை. எனக்கு ஒவ்வொரு தரமும் ஆச்சரியமாக இருக்கிறது.

ஞாயிறு பூசைக்குப் பிறகு கோவில் மண்டபத்தில் வகுப்பு. நாங்கள் ஐந்து பேர். வயதில் நான்தான் மூத்தவன், வாயிலும் நான்தான் மூத்தவன் என்று சிஸ்டர் சொல்வார். இப்போது மாத்தளைக்குப் போனால் உன் அம்மா பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள். பஸ் நிலையத்தில் நிற்கிற எல்லா பஸ்ஸின் பலகையையும் நான் சத்தமாக வாசிக்கிறேனாம். பலாபத்வல, நாலந்தா, தம்புள்ளை, மிதிபலகையில் நிற்க வேண்டாம். "அறுபத்தாறு வருசம் வாசிக்காம உசுரோட தானே இருந்தீங்க, எறங்குற வரைக்கும் வாய மூடிக்கிட்டு வரமுடியாதா" என்று கேட்கிறாள். முடியவில்லை. முன்பெல்லாம் கொண்டக்டரிடம் மூன்று தரம் கேட்டுவிட்டு ஏறினவன் நான்.

ஆனாலும் இது அந்தச் சந்தோஷத்தில் எழுதும் கடிதம் இல்லை, புள்ள. பயத்தில் எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமைதான் இருக்கிறது. அதற்குள் உனக்குத் தெரியவேண்டிய ஒன்று இருக்கிறது. அது தெரிந்த பிறகு நீ என் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்குள் நடப்பாயா, இல்லை உன் மாமாவைக் கூப்பிடுவாயா என்று எனக்குத் தெரியாது. போனில் சொல்லப் பார்த்தேன். மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் நீ "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்டாய், நான் "சாப்பிட்டேன்" என்று சொன்னேன், அதோடு முடிந்தது. இதுவரை என் கடிதங்களையெல்லாம் வேறு யாராவதுதான் எழுதித் தந்தார்கள். இதை இன்னொருவர் கையில் கொடுக்க முடியாது. சிஸ்டருக்கும் காட்டவில்லை. பிழைகள் எல்லாம் என்னுடையவை.

கல்யாணக் கார்டு உறைகளில் பெயர் எழுதும் வேலையை உன் அம்மா எனக்குத் தந்திருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஆறு உறை. போன மாதம் ஒரு நாள், நிசாம் சாருக்கு எழுதட்டுமா என்று அவள் உன்னைப் போனில் கேட்டாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்க மாத்தளையிலிருந்து பஸ் ஏறி வந்து, சனிக்கிழமைகளில் உங்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு செஸ் சொல்லித் தந்த மனுஷன். நீ சொன்னதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "அவருக்கு வேணாம்மா. என் மூஞ்சிக்கு நேரா சொல்லாம அப்பாகிட்ட சொல்லி அனுப்புனவரு. பதினாறு வருசமாச்சு, எனக்கு இன்னும் ஆறல" என்றாய். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து உறைக்குக் கோந்து தடவிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த கிழமை ஃபாதர் உன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னார். தகரப் பெட்டியைக் கிளறினேன். சான்றிதழ் அடியில் இருந்தது, அதன் மேல் உன் செஸ் கொப்பி. நீ ஆடிய ஆட்டங்களை எழுதி வைக்கிற நீலக் கொப்பி. முன்பு அதை நான் பார்த்திருக்கிறேன், எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். இந்தத் தரம் திறந்தபோது எறும்பு நின்றுவிட்டது. a முதல் h வரை எட்டு இங்கிலீஸ் எழுத்து, ஒன்று முதல் எட்டு வரை இலக்கம், குதிரைக்கு ஒரு எழுத்து, கோட்டைக்கு ஒரு எழுத்து, மந்திரிக்கு ஒன்று. சிஸ்டரிடம் கேட்டு மூன்று நாளில் பிடித்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டார். மகளின் கொப்பியை வாசிக்க என்றேன். அவர் மிகவும் சந்தோஷப்பட்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது.

காய்கள் எப்படி நடக்கும் என்று நீதானே எனக்குச் சொல்லித் தந்தாய், உனக்குப் பத்து வயதில். விளையாட ஆள் இல்லாமல் என்னைப் பிடித்து உட்காரவைப்பாய். வெட்டக் கிடைத்ததை எல்லாம் நான் வெட்டுவேன், கடைசியில் என் ராஜா செத்துப்போவான். "அப்பா, நீங்க ஆடுறதே திங்கிறதுக்குத்தான்" என்று சொல்லிச் சிரிப்பாய். அந்தப் பழைய பலகையை எடுத்துத் துடைத்து, காணாமல் போன இரண்டு சிப்பாய்களுக்குப் பதிலாக இரண்டு சாதிக்காயை வைத்து, உன் கொப்பியின் கடைசி ஆட்டத்தை ஒவ்வொரு நகர்வாக வைத்துப் பார்த்தேன். இருபத்தோராவது நகர்வில் உன் கோட்டை c3-இல் இருந்த வெள்ளைக் குதிரையை வெட்டியது. வெள்ளைச் சிப்பாய் உன் கோட்டையை வெட்டியது. பெரிய காயைக் கொடுத்துச் சின்னக் காயை வாங்கியிருக்கிறாய். பிறகு ஆறு நகர்வு. பிறகு இருபத்தெட்டு என்று இலக்கம் போட்டு, வெள்ளை வைத்ததை எழுதியிருக்கிறாய். உன் பக்கம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு கொப்பியில் வேறு ஆட்டமும் இல்லை.

அந்த இடத்தில் உன் கையைப் பிடித்து எழுப்பியது நான். அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாததை இனிச் சொல்கிறேன்.

மாத்தளையில் செஸ் போட்டி நடந்த அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் பெற்றோரை உள்ளே விடவில்லை. நாங்கள் ஜன்னல் பக்கம் நின்றோம். யார் முன்னால் நிற்கிறார்கள் என்று சுவரில் தாள் ஒட்டியிருந்தார்கள், மற்றவர்கள் போய் வாசித்துவிட்டு வந்தார்கள். நான் போகவில்லை. போய் நின்று வாசிக்கிற மாதிரி நடிக்கவும் எனக்குத் தெரியும், ஆனால் பக்கத்தில் யாராவது கேட்டால் என்ன சொல்வது? வாசிக்கத் தெரியாதவன் எல்லாவற்றையும் எண்ணுவான், புள்ள. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை எழுதுவதை வாசிக்க முடியாது என்பதால் சாக்கை எண்ணுவேன். பஸ் பலகையை வாசிக்க முடியாது என்பதால் பாலத்தை எண்ணுவேன். அன்றைக்கு, பலகைக்குப் பக்கத்தில் வெட்டி வைத்த காய்களை எண்ணினேன். உன்னோடு ஆடிய பையன் பக்கத்தில் உன் கோட்டை கிடந்தது. உன் பக்கத்தில் ஒரு குதிரை. இரண்டு தரம் எண்ணினேன். நீ குறைவாக இருந்தாய்.

என் பக்கத்தில் இரண்டு தகப்பன்மார் நின்றார்கள். ஒருவர் மற்றவரிடம் சிங்களத்தில், "அந்தப் புள்ள கோட்டையத் தூக்கிக் குடுத்துட்டா, பாவம், யாரு சொல்லிக் குடுத்தாங்களோ" என்று சொல்லிச் சிரித்தார். அந்தப் புள்ள என் புள்ள என்று அவருக்குத் தெரியாது. நீ பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பத்து நிமிஷம் இருக்கும், கையைத் தூக்கவில்லை. வழி தெரியாமல் முழிக்கிறாய் என்று நினைத்தேன். வெள்ளை உடுப்பு போட்ட அத்தனை பேர் முன்னால் நீ தோற்று எழுந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது என்று பட்டது. உள்ளே போய், பஸ் போய்விடும் என்று பொறுப்பாக நின்ற மஹத்தயாவிடம் சொல்லி, உன் கையைப் பிடித்தேன். நீ "அப்பா, இருங்கப்பா, ஒரு நிமிசம்" என்றாய். நான் இருக்கவில்லை. பஸ் நாலேகாலுக்கு என்று சொன்னேனே, அது உண்மை. ஐந்தரைக்கு இரத்தோட்டை வரை இன்னொரு பஸ் இருந்தது. அங்கிருந்து நடந்து ஏறியிருக்கலாம், எத்தனையோ நாள் நடந்திருக்கிறோம். அதை உனக்குச் சொல்லவில்லை.

பஸ்ஸில் நீ அழுதாய். ஏன் கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். நான் சொன்னால் நீ அடங்கமாட்டாய், சார் சொன்னால் அடங்குவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் சொன்னேன்: "சார்தான் சொன்னாரு. தோக்குற ஆட்டம், எதுக்கு இருந்துகிட்டு, கூட்டிக்கிட்டுப் போங்கன்னு." நீ உடனே அழுகையை நிறுத்தினாய். இரத்தோட்டை வரும் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாய். பொய் வேலை செய்துவிட்டது என்று எனக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது.

சார் அப்படி எதுவும் சொல்லவில்லை, புள்ள. சார் அந்த மண்டபத்திலேயே இல்லை. சின்னப் பிள்ளைகளோடு பின்பக்க வகுப்பறையில் இருந்தார். நான் அவரைப் பார்க்கவே இல்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த சனிக்கிழமை நீ போகவில்லை, அதற்கு அடுத்ததும் போகவில்லை. சார் அப்போது நம் தோட்டத்தில் படிப்பிப்பதை விட்டிருந்தார். மூன்றாம் கிழமை இரத்தோட்டையில் இறங்கி மலை ஏறி வந்தார். சிலுவை நட்டிருக்கும் வளைவில் நான் அவரைக் கண்டேன். வேர்த்து நனைந்திருந்தார். "புள்ளைக்கு சொகமில்லையா?" என்று கேட்டார். நான் வழியை மறித்த மாதிரி நின்றுகொண்டு, "இல்ல சார், அவளுக்கு இனி இஷ்டமில்லையாம். படிப்பு கெடுதுங்கிறா" என்றேன். "அவளே சொன்னாளா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். அவர் நம் வீடு இருந்த லயத்தின் பக்கம் ஒரு தரம் பார்த்தார். நீ அப்போது பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாய், மரம் மறைத்தது. அவர் திரும்பி இறங்கினார். அவ்வளவு தூரம் ஏறி வந்த மனுஷனுக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வீட்டுக்கு வருவார்.

எத்தனை வருடமாகப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். குடித்ததைச் சொல்லியிருக்கிறேன், உன் அம்மாவைக் கை நீட்டி அடித்த அந்த ஒரு நாளைச் சொல்லியிருக்கிறேன். இதை ஒரு தரமும் சொல்லவில்லை. மறைத்ததால் அல்ல. இது பாவக் கணக்கில் வரும் என்றே எனக்குத் தோன்றவில்லை. புள்ளை படித்தாள், நர்ஸ் ஆனாள், நல்லதுதானே நடந்தது என்று இருந்தேன். போனில் நீ "இன்னும் ஆறல" என்று சொன்ன அன்றைக்குத்தான் அது என் பாவக் கணக்கில் ஏறியது.

கொப்பியை எடுத்துக்கொண்டு போன புதன்கிழமை சாரின் வீட்டுக்குப் போனேன். இப்போது அவருக்கு எழுபத்துநாலு வயது. காது கொஞ்சம் மந்தம், கண் நன்றாக இருக்கிறது. என்னை அடையாளம் தெரியவில்லை. கொப்பியை நீட்டினேன். இரண்டு பக்கம் புரட்டினார். "இது ஸ்டெல்லாட கையெழுத்து" என்று சொல்லிவிட்டுத்தான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "சார், கடைசி ஆட்டம். இதுல யாரு ஜெயிக்கிறது? எண்ணினா அவ கொறைவா இருக்கா" என்றேன். வேறு ஒன்றும் சொல்லத் தைரியம் வரவில்லை.

அவர் கொப்பியைப் பார்த்தே காய்களை அடுக்கினார், என்னைப்போலத் தடவித் தடவி அல்ல. அடுக்கி முடித்துவிட்டுப் பலகையை என் பக்கம் திருப்பினார். பிறகு, "நீங்க கறுப்பு. வைங்க பாப்பம்" என்றார். நான் பார்த்தேன். e4-இல் ஒரு வெள்ளைச் சிப்பாய் சும்மா நின்றது. உன் மந்திரியால் வெட்டலாம், ஒரு ஆபத்தும் இல்லை, கொடுத்ததில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். வெட்டினேன். சார் தன் கோட்டையை அந்த e பாதைக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு அந்தக் கோட்டை வந்து வந்து என்னை அடித்தது. ஒன்பது நகர்வில் என் ராஜாவுக்கு நிற்க இடமில்லை.

"பாத்தீங்களா? அந்தக் கோட்டைக்கு ரோட்டத் தெறந்து விட்டதே நீங்கதான்" என்றார். காய்களைத் திரும்ப அடுக்கி எனக்குக் காட்டினார். b பாதையை உன் சிப்பாய் மறிக்கிறது. d பாதையையும் உன் சிப்பாய் மறிக்கிறது. e பாதையை மறித்து நிற்பது அந்தப் பையனுடைய சொந்தச் சிப்பாய். அவனிடம் இரண்டு கோட்டை இருக்கிறது, இரண்டுக்கும் ஓட வழியில்லை. உன் குதிரையோ c4-இல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதை விரட்ட அவனிடம் ஒரு சிப்பாய்கூட இல்லை, ஏனென்றால் உன் கோட்டையை வெட்டப் போய் அவன் சிப்பாய்கள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக மாட்டிக்கொண்டன. அப்போது எனக்கு நம் தோட்டத்தில் மண் சரிந்த வருடம் ஞாபகம் வந்தது. கொழுந்து லொறி இரண்டும் ஸ்டோர் வாசலில் நின்றன, பாதை இல்லை. உன் அம்மாவும் மற்றப் பெண்களும் தலையில் கூடையோடு ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போய்க் கொழுந்தைச் சேர்த்தார்கள். அதைச் சாரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அதேதான். லொறி பெருசுதான். ரோடு யார்ட கையில ஈக்கிங்கிறதுதான் கேள்வி." இருக்கு என்பதை ஈக்கி என்கிற அதே பேச்சு.

பிறகு அவர் கறுப்பை எடுத்துக்கொண்டு என்னை வெள்ளைக்கு உட்காரவைத்தார். சும்மா நின்ற அந்தச் சிப்பாயை அவர் தொடவில்லை. ஓரத்தில் இருந்த தன் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினார், a6-இலிருந்து a5-க்கு. ஒன்றையும் வெட்டவில்லை, ஒன்றையும் பயமுறுத்தவில்லை. "இனி ஆடுங்க" என்றார். எனக்கு இரண்டு கோட்டை. ஒன்றை இந்தப் பக்கம் வைத்தேன், பிறகு அந்தப் பக்கம் வைத்தேன். என் சிப்பாய்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியில் சார் கேட்டார், "ஒங்கட்ட ஒரு கோட்டை கூடுதலா ஈந்திச்சே, அத வச்சு என்ன செஞ்சீங்க?"

"அங்கயும் இங்கயும் நடந்தேன் சார்."

"தோட்டத்து வாச்சர் மாதிரி" என்றார்.

நானும் சிரித்தேன். சிரித்த வாயோடு சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இன்றைக்கும் சொல்லாமல் பஸ் ஏறிவிடுவேன் என்று பயந்து, சொன்னேன். "சார், அவ நிறுத்தல. நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன்."

"அது தெரியும். பஸ் போயிரும்னு கூட்டிக்கிட்டுப் போனதா அன்னைக்கே சொன்னாங்க."

"பஸ் இல்ல சார். தோக்குற ஆட்டம், கூட்டிக்கிட்டுப் போங்கன்னு நீங்க சொன்னதா அவகிட்ட சொன்னேன். ஒங்ககிட்ட, அவளுக்கு இஷ்டமில்லைன்னு சொன்னேன். ரெண்டும் பொய்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வெகுநேரம் பலகையைத்தான் பார்த்தார், என்னை அல்ல. "நான் சொன்னதாவா?" என்று ஒரு தரம் கேட்டார். பிறகு சொன்னார், "அந்தப் புள்ளைய நான் எதுவோ கடுமையா பேசிட்டன்னுதான் இவ்வளவு காலமும் நெனச்சிக்கிட்டு ஈந்தேன். எந்தச் சனிக்கிழம, என்ன சொன்னேன்னு யோசிச்சிப் பாப்பன். ஒண்ணும் ஞாபகம் வராது. அதுக்குப் பொறகு பொம்புளப் புள்ளைகள நான் சேக்கல்ல. என்ட வாய் சரியில்லன்னு நெனச்சிட்டேன்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்காமல் நிற்பதைப் பார்த்துச் சார், "குடிங்க. கோவம் ஈக்கி. அது வேற, தேத்தண்ணி வேற" என்றார். உட்கார்ந்து குடித்தேன்.

கிளம்பும்போது கேட்டார், அவள் என்ன வைக்க யோசித்துக்கொண்டிருந்தாள் என்று உங்களுக்குத் தெரியுமா என்று. சிப்பாயை வெட்ட நினைத்திருந்தால் அந்த ஆட்டம் போயிருக்கும். ஓரத்துச் சிப்பாயைத் தள்ள நினைத்திருந்தால் அவள் ஜெயித்திருப்பாள், அந்த வயதுக்கு அது பெரிய நகர்வு என்றார். "கேட்டுச் சொல்லுங்க" என்றார். "நான் கேக்கமாட்டேன் சார். நடுவுல நான் நின்னது போதும்" என்றேன். அவர் எழுந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கேட் வரைக்கும் வந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கணக்குப் பார்த்தேன். நீ ஜெயித்துக்கொண்டிருந்தாய் என்றால் நான் செய்தது பெரிய பிழை. தோற்றுக்கொண்டிருந்தாய் என்றால் சின்னப் பிழை. முதலில் இப்படித்தான் நினைத்தேன், பார், அங்கேயும் நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். நீ எதை வைக்க நினைத்திருந்தாலும் அது உன் பத்து நிமிஷம். தோற்பதானாலும் நீயே தோற்றிருக்க வேண்டும்.

உனக்குக் கல்யாணத்துக்கு முன் புத்தி சொல்ல வேண்டும் என்று உன் அம்மா சொல்கிறாள். எனக்கு என்ன தகுதி? ஒன்றை மட்டும் சொல்கிறேன், அதுவும் என்னைப் பற்றித்தான். மாப்பிள்ளையோடு வவுனியாவுக்கு மாற்றம் கேட்டிருக்கிறேன் என்று நீ சொன்னபோது, "கொழும்பு ஆஸ்பத்திரிய விட்டுட்டு ஏம்மா அங்க, இருக்குறத யாராச்சும் விடுவாங்களா" என்று கேட்டேனே. நீ "பாப்பம்பா" என்றாய். அந்தக் கேள்வி ஜன்னல் பக்கம் நின்று கேட்ட கேள்வி. நீ எதைக் கொடுக்கிறாய் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அதைக் கொடுத்து எந்த இடத்தில் நிற்கப் போகிறாய் என்று நான் கேட்கவே இல்லை. யோசித்து முடித்துவிட்டாய் என்றால் போ. இன்னும் யோசிக்கிறாய் என்றால், எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் எடு. நான் அவசரப்படுத்தினால் வாயை மூடச் சொல். உன் அம்மா தினமும் சொல்கிறாள், எனக்குப் பழக்கம்தான். அவர்கள் வீட்டில் யாராவது நீ கொண்டுவந்ததை எண்ணினால், எண்ணட்டும், நீ பதறி எதையும் அள்ளி ஈடுகட்டப் போகாதே. உன் இடத்தில் உறுதியாக இரு.

உன் அம்மாவிடம் இதையெல்லாம் நேற்றுத்தான் சொன்னேன். அடுப்படியில் நின்றபடியே கேட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை, அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பிறகு சொன்னாள், "அவகிட்ட எதுக்கு இப்பப் போய்ச் சொல்லிக்கிட்டு? கல்யாண நேரம். பேசாம சாருக்கு ஒரு கார்டக் குடுத்துட்டு வாங்க. கோவில்ல ஆளப் பாத்தா அவ என்ன, சண்டையா புடிக்கப் போறா? தானா சரியாயிரும்."

அது நல்ல யோசனை மாதிரித்தான் இருந்தது. உறையை எடுத்தேன், பேனையையும் எடுத்தேன். அவர் பெயர் எழுத எனக்கு இரண்டு நிமிஷம் போதும், சுலபமான எழுத்துகள். ஆனால் அதை எழுதினால் நான் மறுபடியும் உள்ளே வந்து உன் கையைப் பிடிக்கிறேன் என்று பட்டது. அவர் வருவதா வேண்டாமா என்பது உன்னுடையது. வரவேண்டாம் என்று நீ சொன்னது என் பொய்யை நம்பி. இப்போது உண்மை தெரிந்த பிறகும் வேண்டாம் என்று சொன்னாலும் அது உன்னுடையதுதான். அதனால் நான் எழுதவில்லை. உன் அம்மாவுக்குக் கோபம்.

சாரின் விலாசத்தையும் போன் நம்பரையும் தனித் துண்டில் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். நீ அவரோடு பேசுவதானால் நேராகப் பேசு. என்னிடம் சொல்லி அனுப்பாதே. நான் நல்ல மனதோடுதான் கொண்டுபோவேன், ஆனாலும் என்னிடம் கொடுக்காதே. நீ அன்றைக்கு எதை வைக்க நினைத்தாய் என்பதையும் அவரிடம் சொல்லு. எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்க ஆசைதான், கேட்க மாட்டேன். கோவிலில் உன்னோடு நடக்க நான் வேண்டாம் என்றால் அம்மாவிடம் ஒரு சொல் சொல். நான் கடைசி வரிசை வாங்கில் உட்காருவேன், யாருக்கும் காரணம் சொல்ல மாட்டேன், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் மாட்டேன்.

இதை இப்போதே மடித்து, பதினொரு மணி பஸ்ஸுக்கு இரத்தோட்டைத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோகிறேன். வீட்டில் வைத்திருந்தால் கிழித்துவிடுவேன். உனக்கு வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமையிலிருந்து உன் போன் வராவிட்டால், நீ வாசித்துவிட்டாய் என்று புரிந்துகொள்வேன். அடுத்த கிழமையும் உனக்கு எழுதுவேன், நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும். அதில் மிளகுக் கொடி பூத்ததைப் பற்றியும் உன் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றியும்தான் இருக்கும். உனக்கும் சாருக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அதில் ஒரு வரிகூடக் கேட்டிருக்க மாட்டேன்.

உன் அப்பா